முதல் ஆராதனைக்குக் கொடுத்த சீட்டு

பெர்சிஸுக்கு முதல் சந்தேகம் விமான டிக்கெட்டைப் பார்த்தபோதே வந்துவிட்டது. அவள் அம்மா சாலோமி ஒரு வாளி வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குகிறவள். அப்படிப்பட்டவள் ஒரே நாளில் டிக்கெட் போட்டு, "ஒங்க மாமா மக ரீபா குழந்தைக்கு ஞானஸ்நானம். நம்ம வீட்டு ஆளா நீ போயிட்டு வா, எனக்கு லீவு கிடைக்கல" என்று மகளைப் பாளையங்கோட்டைக்கு ஏற்றிவிட்டாள். திரும்பும் தேதியோ, ஞானஸ்நானம் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்து. ஒரு குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிப்பதற்கு இத்தனை நாள் எதற்கு?

பிள்ளைகளா, இந்தப் பெண்ணைப் பற்றி உங்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பிறந்தவள், இருபத்து மூன்று வயது. அவள் பள்ளியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் இங்கிருந்து கொண்டுபோன பேச்சையே சாலோமி மகளுக்கும் கொடுத்திருந்தாள். அதனால் பெர்சிஸ் வாயைத் திறந்தால் எங்கள் தெருப் பிள்ளை பேசுகிற மாதிரியே இருக்கும். நடுவில் கொஞ்சம் யோசிப்பாள், அவ்வளவுதான்.

அவள் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள். அந்த நாட்டில் டாக்டராக இரண்டு வழி உண்டாம். ஒன்று நமக்குத் தெரிந்தது. இன்னொன்றுக்கு ஆஸ்டியோபதி என்று பெயர். மருந்து, ஊசி, ஆப்பரேஷன் எல்லாம் அதிலும் இருக்கிறது. அதோடு, எலும்பையும் தசையையும் கையால் தொட்டு நோய் அறிவதையும், கையாலேயே நீவிச் சரிசெய்வதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தப் படிப்புக்கு இரண்டு கல்லூரிகள் பெர்சிஸுக்கு இடம் கொடுத்திருந்தன. ஒன்று அவள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் இருக்கிற புதுக் கல்லூரி. பளபளவென்று கண்ணாடிக் கட்டடம், ஆனால் இன்னும் ஒரு பிள்ளைகூடப் படித்து முடித்து வெளியே வரவில்லை. மற்றது காரில் பத்து மணி நேரம் போக வேண்டிய மலை ஊரில் இருக்கிற பழைய கல்லூரி. அங்கே படித்தவர்கள் அந்த மலை முழுக்க வைத்தியம் பார்க்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும்.

அவள் மனசு மலைக் கல்லூரிமேல். நேர்முகத்துக்குப் போயிருந்தபோது, வயதான ஒரு டாக்டரம்மா, சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவரின் விலாவில் கையை வைத்து ஒரு நிமிஷம் பேசாமல் நின்றாராம். பிறகு, மூச்சு முட்டுவது இங்கேதானே என்று கேட்டாராம். அந்த மனிதர் தலையை ஆட்டியதைப் பார்த்த நேரத்திலிருந்து, அப்படி ஒரு கை தனக்கும் வேண்டும் என்று பெர்சிஸுக்கு ஆகிவிட்டது. ஆனால் அம்மாவைத் தனியே விட்டுப் போவது எப்படி? கேட்டால் சாலோமி, "ஒனக்குப் பிடிச்சதை எடு, என்னைக் கேக்காத" என்பாள். பதில் நல்ல பதில்தான். அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் மகளுக்கு இடித்தது.

இங்கே மாமா ஜெபசீலன், சாலோமியின் அண்ணன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நாற்பது வருஷம் சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கியவர். முதல் நாள் சாப்பாட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"ஏட்டி பெர்சி, நீ படிக்கப் போறது டாக்டர் படிப்புதானா, இல்ல எலும்பு முறுக்குத படிப்பா?"

"டாக்டர் படிப்புதான் மாமா. ஆப்பரேஷன்கூடப் பண்ணலாம்."

"கையால தடவுததுக்கு என்னத்துக்கு அமெரிக்கா? அம்பாசமுத்திரத்துல ஒருத்தர் எண்ணெயும் மூங்கில் பத்தையும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. மூணு நாள்ல படிச்சிட்டு வந்துரலாம். அதுலயும் ஒண்ணு புதுக் காலேஜாம். ஒரு பிள்ளைகூடப் பாஸாகாத எடத்தை எப்படி நம்புதது?"

அத்தை கலையரசி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "போன வருசம் ஒங்களுக்குத் தோள் பெசகுனப்போ அந்த அம்பாசமுத்திரத்துக்காரரைத் தேடித்தான ஓடுனீய. அப்போ எந்தப் பட்டத்தைப் பாத்தீய?"

மாமா குழம்பை ஊற்றச் சொன்னார்.

ஞானஸ்நானம் முடியும்வரை இப்படிக் கேலியாகவே போனது. அது முடிந்த மறுநாளிலிருந்து மாமா வேறு ஆளாகிவிட்டார். புதுக் கல்லூரியின் படத்தை ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்து, "நல்ல கட்டடம். வீட்டுக்குப் பக்கத்துலயும் இருக்கு. இதையே எடுத்துரு" என்றார்.

"புதுசை எப்படி நம்புததுன்னு நீங்கதான கேட்டீங்க?"

"எல்லாப் பள்ளிக்கூடமும் ஒரு காலத்துல புதுசுதாம்ட்டி."

சோற்றில் உப்பு கூடக் குறைய இருப்பதைக்கூட ஒரு வாரம் ஆராய்கிற மனிதர் ஒரே நாளில் மாறினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பெர்சிஸ் கவனிக்க ஆரம்பித்தாள். ஃபோன் வந்தால் மாமா எழுந்து கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் எடுக்கிற சாக்கில் இவள் பின்னால் போனால், "சரி, வைக்கேன்" என்று முடித்துக்கொண்டார். ஒரு நாள் அடுக்களை ஜன்னல் வழியாக அத்தையின் குரல் கேட்டது.

"பிள்ளைகிட்ட சொல்லிருவோமே."

"பைய பேசு. அவ வாரா."

என்ன அது, தன்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது? மாமா மகன் ஹெப்ரான் அந்தப் புதுக் கல்லூரி இருக்கிற ஊரில்தான் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். எங்கள் ஆட்களில் மாமன் மகன் என்றாலே பாதி பேசி முடித்த மாதிரி. ஞானஸ்நான விருந்தில் இரண்டு பெண்கள் அவளை ஏற இறங்கப் பார்த்து, "ஹெப்ரானுக்கு ஒசரம் சரியா இருக்கும்" என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாள். பொருந்தி வந்தது. பொருந்தி வந்ததாலேயே அதற்குமேல் வேறு எதையும் அவள் தேடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மாமா அவளை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தாமிரபரணியில் கோடைத் தண்ணீர், படித்துறையில் முழங்கால் அளவுதான். இரண்டு பேரும் கால் நனைத்து உட்கார்ந்தார்கள். பெர்சிஸ் சுற்றி வளைக்கவில்லை.

"மாமா, ஹெப்ரானுக்கு என்னைக் கேக்கப் போறீங்களா?"

"யாருட்டி சொன்னா?"

"யாரும் சொல்லல. அவன் அந்த ஊர்ல இருக்கான்னுதான என்னையும் அங்கன போகச் சொல்லுதீங்க?"

இல்லை என்று சொன்னால், பின்னே எதற்கு என்று கேட்பாள். அதற்கு மாமாவிடம் பதில் இருந்தது, ஆனால் அதைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "ஒரு தகப்பனுக்கு ஆசை இருக்கக்கூடாதா?" என்றார்.

"அப்போ நான் மலைக் காலேஜுக்குத்தான் போவேன்."

"கோவத்துல முடிவெடுக்காத மக்கா."

"எனக்குக் கோவம் இல்ல" என்று கோபமாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் பதில் அனுப்ப உட்கார்ந்தவள், அனுப்பாமல் எழுந்துவிட்டாள். மாமாவைத் தோற்கடிக்கவா நான்கு வருஷம் மலையில் படிக்கப் போகிறோம் என்று, அவள் சந்தேகம் இப்போது அவள்மேலேயே திரும்பியிருந்தது.

இனி நடந்தது உங்களுக்கு விளங்க, எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சர்ச்சை நாங்கள் கோயில் என்போம், போதகரை ஐயர் என்போம். வீட்டில் வியாதி, பரீட்சை, பிரசவம், விசா, எது என்றாலும் ஒரு கவரில் காணிக்கை போட்டு, மேலே விவரம் எழுதி, கோயில் குட்டியாரிடம் கொடுத்துவிடுவோம்; சீட்டு என்பது அந்தக் கவர்தான். மணியடிப்பதும் இந்தக் கவர்களை வாங்கி அடுக்குவதும் குட்டியார் வேலை. ஜெப நேரத்தில் ஐயர் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பார், சபை முழுக்கச் சேர்ந்து ஜெபிக்கும். யாருக்கு எங்கே வலிக்கிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிவது அப்படித்தான்.

ஜெபசீலன் ரகசியத்தை வீட்டில் காப்பாற்றிவிட்டார். ஆனால் சீட்டுக் கொடுக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. எங்கள் ஆட்களில் யாராலும் முடியாது. அவர் யோசித்துத்தான் செய்தார். விடியற்காலை ஐந்தரை மணி முதல் ஆராதனைக்குக் கொடுத்தார். பெர்சிஸ் அத்தையோடு எட்டரை மணி இரண்டாம் ஆராதனைக்குத்தான் போவாள். அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. சுகமில்லாதவர்களின் சீட்டுகளை மட்டும் குட்டியார் ஜாஸ்பர் தனியே எடுத்து வைத்து, இன்னொரு ஜெபம் கிடைக்கட்டும் என்று இரண்டாம் ஆராதனைக்கும் கொடுத்துவிடுவார். ஒரே ஞாயிற்றில் இரண்டு ஆராதனைக்கும் இருந்த ஆளுக்குத்தானே அது தெரியும்?

நான் அன்று பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சில் இருந்தேன். பெர்சிஸ் எனக்கு முன்னால். ஐயர், தம்பி கிங்ஸ்லியின் வேலை உயர்வுக்கு ஸ்தோத்திரம் சொல்லி முடித்து, அடுத்த கவரை எடுத்தார்.

"அமெரிக்காவில் இருக்கும் சகோதரி சாலோமி அவர்களுக்கு வருகிற புதன்கிழமை முதுகுத்தண்டில் நடக்க இருக்கும் ஆப்பரேஷன் நல்லபடியாக முடியவும், மகள் பெர்சிஸ் இதை அறிந்து கலங்காதபடிக்கும் ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறார்கள்."

கலையரசி தலையைக் குனிந்துகொண்டாள். சபை ஆமென் சொன்னது. எனக்கு முன்னால் இருந்த பிள்ளை மட்டும் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மாமா திண்டில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெர்சிஸ் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மாவுக்கு முதுகுல என்ன?"

மாமா மனைவியைப் பார்த்தார். "ரெண்டாவதுலயும் வாசிச்சுட்டாங்க" என்றாள் அத்தை.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு மாமா சொன்னார். "ரெண்டு வருசமா வலிதாம்ட்டி. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி, தண்டு நரம்பை எலும்பு அமுக்குதாம். ஒனக்குத் தெரிஞ்சா பக்கத்துக் காலேஜை எடுத்துருவேன்னு பயந்தா. அதான் இங்கன அனுப்புனா. திங்கக்கிழமை நீ பதில் போட்ட பொறவு சொல்லிக்கிடலாம்னு இருந்தா. ஞானஸ்நானம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரிதான் எங்கிட்டயே சொன்னா. கூட வேலை பாக்குத காயல்பட்டினத்துப் பிள்ளை முஃபீதாதான் பாத்துக்கிடுதா."

"அப்போ ஹெப்ரான்?"

"அவன் வேற ஒருத்தியைப் பாத்து வச்சிருக்கான். எங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கான்."

பெர்சிஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அம்மா நான் மலைக்குப் போகணும்னுதான மறைச்சா. நீங்க ஏன் பக்கத்துக் காலேஜை எடுக்கச் சொன்னீங்க?"

"அவ என் தங்கச்சி. தனியாக் கெடப்பாளே." அவர் குரல் தலைமையாசிரியர் குரலாக இல்லை.

அப்போதுதான் பெர்சிஸ் செருப்பைக் கழற்றினாள். பிறகு கேட்டாள். "எத்தனை நாள் படுக்கையில இருக்கணுமாம்?"

"ஆறு வாரம். பொறவு பைய நடக்கலாமாம்."

"காலேஜ் எப்போ தொறக்கும்னு ரெண்டு பேர்ல யாராச்சும் கேட்டீங்களா?"

மாமா விழித்தார். "எப்போ?"

"ஆகஸ்ட் மாசம்."

அது ஏப்ரல். மாமா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். எண்ணி முடித்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார், என்னவோ அழுக்குப் பட்ட மாதிரி.

அமெரிக்காவில் அப்போது சாமம். சாலோமியை எழுப்ப வேண்டாம் என்று பெர்சிஸ் கூப்பிடவில்லை. உட்கார்ந்து யோசித்தாள். அம்மாவுக்கு முதுகு வலிக்கவே இல்லை, ஹெப்ரான் பிறக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டால் எதை எடுப்பாள்? விலாவில் வைத்த அந்தக் கைதான் முன்னால் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மலைக் கல்லூரிக்குப் பதில் அனுப்பினாள், மற்றதை விட்டாள், திருவனந்தபுரத்திலிருந்து திங்கட்கிழமைக்கு டிக்கெட்டை மாற்றினாள். பிறகு அத்தையிடம் ஒரு கவர் கேட்டாள்.

சாலோமி ஞாயிறு தவறாமல் எங்கள் மாலை ஆராதனையை ஃபோனில் பார்ப்பாள். அவளுக்கு அது காலை நேரம். பெர்சிஸுக்கு அது தெரியும்.

கவரை வாங்கிய ஜாஸ்பர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பாப்பா, இது ஜெபமா, ஸ்தோத்திரமா?"

"ரெண்டும்."

"ரெண்டுக்கும் தனித்தனி கவர்லா."

"ஒண்ணுலயே எழுதிட்டேன் அண்ணாச்சி. இதை ஒரு தடவை வாசிச்சாப் போதும்."

ஜாஸ்பர் கவரை அடுக்கில் மேலே வைத்தார்.

மாலையில் ஐயர் வாசித்தார். "மலை ஊரிலுள்ள மருத்துவக் கல்லூரியில் கிடைத்த இடத்தை இன்று ஏற்றுக்கொண்டதற்காக மகள் பெர்சிஸ் ஸ்தோத்திரம் செலுத்துகிறாள். புதன்கிழமை தாயாருக்கு நடக்கும் ஆப்பரேஷனுக்காகவும், செவ்வாய்க்கிழமை தான் வீடு போய்ச் சேரும்போது தாயார் கோபப்படாதபடிக்கும் ஜெபிக்கக் கேட்டுக்கொள்ளுகிறாள்."

ஐயரே ஒரு நொடி நிறுத்தி, இன்னொரு முறை கவரைப் பார்த்துக்கொண்டார்.

ஆசீர்வாதம் முடிவதற்குள் பெர்சிஸின் ஃபோன் அதிர்ந்தது. வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் எடுத்தாள். திரையில் சாலோமி, தலையணைகளுக்கு நடுவே.

"அந்தச் சீட்டை எழுதுனது யாரு? ஒங்க மாமாவா?"

"நான்தாம்மா."

"அண்ணன் சொல்லிக்கொடுத்து எழுதுனியா?"

"மாமா பக்கத்துக் காலேஜைல்லா எடுக்கச் சொன்னாரு."

"அப்போ அண்ணனுக்கு எதிரா செய்யணும்னு எடுத்தியா?"

"இல்ல."

"கவரைக் காட்டு."

பெர்சிஸ் உள்ளே போய்க் குட்டியாரிடம் கவரை வாங்கிவந்து திரைக்கு முன்னால் பிடித்தாள். விடுமுறை வேதப்பள்ளியில் சாலோமியே கையைப் பிடித்து எழுத வைத்த எழுத்து, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. சாலோமி அதை வெகு நேரம் படித்தாள். அடித்துத் திருத்திய இடம் எங்காவது இருக்கிறதா என்று பார்த்தாள் போல. ஒன்றும் இல்லை.

"எத்தனாந் தேதி தொறக்கு?"

"ஆகஸ்ட் ரெண்டு."

"அது வரைக்கும் வீட்லயா இருப்பே?"

"ஆமா."

சாலோமி மூக்கை உறிஞ்சினாள். "வந்து என் முதுகைத் தொட்டு வித்தை காட்டக்கூடாது. நீ இன்னும் டாக்டர் ஆகல."

"தொடமாட்டேன்."

மகள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில் சாலோமிக்கு நம்பிக்கை வரவில்லை. திரைக்குப் பக்கத்தில் வந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"சரி," என்றாள் கடைசியில். "பைய தொடு."