அலுமாரிக்குள் அன்னலட்சுமியின் குரல்

கெலிஓயா ஊர் மஸாஹிராவைக் கேட்டால், தன்னை ஆவணப்படக்காரி ஆக்கியதே முஸ்லிம் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம்பிடித்ததுதான் என்பாள். ஆண்கள் கமராவோடு அங்கே எட்டியும் பார்க்க முடியாது. அதனால் கண்டி முழுக்க அவளுக்கு ராஜமரியாதை. ஒரேயொரு கட்டுப்பாடு: பெண்களின் படம் வெளியே போகாதபடி, எடுத்து முடிந்ததும் மெமரி கார்டை அப்படியே மணப்பெண்ணைப் பெற்ற உம்மா கையில் கொடுத்துவிட வேண்டும். இந்த வழக்கத்தை மஸாஹிரா மனசுக்குள் திட்டாத நாளில்லை.

ஒருநாள் காலை பன்வில தேயிலைத் தோட்டத்தில் அன்னலட்சுமியைப் படம்பிடித்தாள். முப்பது வருஷம் கொழுந்து பறித்த மனுஷி. தொண்டையில் புற்று, மறுநாள் ஆபரேஷன், அதற்குப் பிறகு பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மணித்தியாலம் பேசினாள், நடுவில் பாடவும் செய்தாள். பிரதி எடுக்க நேரமில்லாமல் மஸாஹிரா அம்பிட்டிய கல்யாணத்துக்கு ஓடினாள்.

விடிந்ததும் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால், மணப்பெண் சிரிக்கிறாள். மஸாஹிரா அதைக் கழற்றிக்கொண்டு அம்பிட்டியவுக்குப் பறந்தாள். அன்னலட்சுமியின் குரலைக் கொண்டுபோய் கல்யாண வீட்டில் கொடுத்திருக்கிறாளே, மடைச்சி! அழித்திருந்தால்? மறுபடி கேட்கவும் முடியாது. அன்னலட்சுமியை அந்நேரம் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோயிருப்பார்கள்.

அம்பிட்டியவில் கதவைத் திறந்தது மணப்பெண்ணின் உம்மா றம்லத்.

"மாமி, கார்டு மாறிட்டு. உங்கட வீட்டுப் படம் என்ட பேக்லதான் இருந்திச்சி. யாரும் பாக்கல்ல. மன்னிச்சிக்கோங்க." ஏச்சு வாங்கத் தயாராக நின்றாள்.

றம்லத் ஏசவில்லை. "இரிங்க மகள். நேத்து டீவில போட்டம். யாரோ ஒரு பொம்புள பேசுறா. அழிச்சிட்டு கார்ட்டத் தாங்கன்னு புள்ளைகள் கேட்டதுகள். யாரு வீட்டுப் பொம்புளயோ, அவங்களக் கேக்காம பாக்கவும் ஏலா, அழிக்கவும் ஏலான்னு செல்லி நிப்பாட்டிட்டன். அலுமாரில பத்திரமா ஈக்கி."

மஸாஹிரா அப்படியே கதிரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். இத்தனை நாள் திட்டிய வழக்கம்தான் காப்பாற்றியிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ் என்று எத்தனை தடவை சொன்னாளோ, அவளுக்கே தெரியாது.

ஆறு மாதம் கழித்து பன்வில தோட்டத்து மண்டபத்தில் படம் ஓடியது. கழுத்தில் துணி சுற்றி முன்வரிசையில் இருந்த அன்னலட்சுமி, தன் பாட்டைத் தானே கேட்டாள். முடிவில் திரையில் முதல் நன்றி றம்லத்துக்கு வந்தது. யார் அது என்று கையால் கேட்டாள். பக்கத்துக் கதிரையைக் காட்டினாள் மஸாஹிரா.

அன்னலட்சுமி றம்லத்தின் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள். விளக்கெல்லாம் போட்ட பிறகும் றம்லத் அந்தக் கையை எடுக்கவில்லை.