இரண்டாவது கேன்

கம்ப்ரஸர் 'டக்' என்று பிடித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினேன். ஆறு நொடி. மறுபடி 'டக்'. விட்டுவிட்டது. கார் ஏசியிலிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது.

மணி பத்தரை. பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் என் மகளைக் கையில் கொடுப்பார்கள். அப்படி என்ன அவசரமோ, ஏழு வாரம் முன்னாலேயே பிறந்து, முப்பத்து மூன்று நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள். "வழியில குழந்தைக்குச் சூடு ஏறவே கூடாது" என்று டாக்டர் நேற்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். வீட்டுக்கு இரண்டு மணி நேரப் பயணம். வாடகை வண்டி பிடிக்கலாம் என்ற மனைவியிடம், "நம்ம வண்டி எதுக்கு இருக்கு?" என்று வீராப்புப் பேசியவனும் நான்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த பட்டறையில், மெக்கானிக் அண்ணன் சிவப்புக் குழாயையும் நீலக் குழாயையும் மாட்டி மீட்டரைப் பார்த்தார். ஒரு முள் எங்கேயோ உச்சியில் போய் நின்றது.

"ஏசிக்கு கேஸ் யாராவது ஏத்துனாங்களா தம்பி?"

"இல்லண்ணே."

பொய் தானாக வாயில் வந்துவிட்டது. போன தடவை ரேடியேட்டரை நானே நோண்டிவிட்டு வந்து நின்றபோது, பட்டறை முழுக்கக் கேட்கும்படி, "உங்க ரெண்டு கையையும் கட்டித்தான் போடணும்" என்றவர் இவர். அந்த மானக்கேடு இன்னும் ஆறவில்லை.

"அப்ப முன்னாடி ஃபேன்தான் சரியா சுத்தல" என்று பம்பரைக் கழற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு கிளிப்பாக, நிதானமாக. ஃபேன் என்னவோ ஜோராகச் சுற்றியது. சரி, தூசி அடைப்பு என்று தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார். மறுபடி 'டக்', ஆறு நொடி, 'டக்'.

போன் அடித்தது. "ஏங்க, கையெழுத்தெல்லாம் வாங்கிட்டாங்க. பாப்பாவுக்குத் தொப்பிகூட போட்டாச்சு. கிளம்பிட்டீங்களா?"

"இதோ, வந்துக்கிட்டே இருக்கேன்."

அடுத்த பொய். இதற்கு மேல் தாங்காது.

"அண்ணே, கேஸ் நான்தான் ஏத்துனேன். கடையில வாங்கி, ரெண்டு கேன்."

அவர் நிமிர்ந்தார். "ஒண்ணுலயே ஜில்லுனு ஆயிருக்குமே?"

"ஆச்சுண்ணே."

"அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?"

"பாப்பா வருதுல்ல... இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கட்டுமேன்னு."

திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். "அடப்பாவி" என்றார், மெதுவாகத்தான். "அளவு தாண்டுனா பிரஷர் ஏறி அதுவா நின்னுரும் தம்பி. இத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

மெஷினை வைத்து கேஸை முழுக்க உறிஞ்சியெடுத்து, அளந்து திரும்ப ஏற்றுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. இந்தத் தடவை 'டக்' என்று பிடித்தது, விடவில்லை. பம்பரை மாட்ட நேரமில்லை. அதை டிக்கியில் திணித்துக்கொண்டு, மூக்கறுந்த வண்டியோடு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். மணி பன்னிரண்டே முக்கால். மனைவி வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். பாப்பாவோடு பின்சீட்டில் ஏறினாள்.

நெடுஞ்சாலையில் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

"ஏங்க, ரொம்ப ஜில்லுனு இருக்கு. பாப்பா கை சில்லிட்டுப் போச்சு. ஏசிய கொஞ்ச நேரம் நிறுத்துங்களேன்."

பட்டன் என் விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நிறுத்திவிடலாம். திரும்பப் போடும்போது கம்ப்ரஸர் பிடிக்காவிட்டால்? வெளியே தார் ரோடு தகித்துக்கொண்டிருந்தது.

இடது கையை எடுத்து, நடுவில் காற்று வரும் இடத்தை உள்ளங்கையால் அழுத்தி மூடினேன்.

"இப்ப?"

"இப்பப் பரவால்ல."

விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இன்ஜின் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். வீட்டுக்கு இன்னும் எண்பது கிலோமீட்டர் இருந்தது.