ஸாலு என்றால் கடல்

அக்காவின் பேட்டி வந்த வார இதழை எழுத்துக்காரி நான்கு வருடமாகத் தன் அலுவலக மேசை இழுப்பறையில், ரப்பருக்கும் அடிக்கோலுக்கும் அடியில் வைத்திருந்தாள். கணினிக்கான எழுத்துருக்கள் வரைந்து கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. அவளை அங்கே எல்லாரும் எழுத்துக்காரி என்றே கூப்பிட்டார்கள்.

பேட்டியில் ஒரு கேள்வி. "உங்க நாவல்கள்ல வர்ற தீவு மொழியை நீங்களும் தங்கையும் சேர்ந்து உருவாக்கினதா சொல்றாங்களே?"

அக்காவின் பதில்: "தங்கையா? அவ அப்ப சின்னக் குழந்தை. பக்கத்துல உக்காந்து வேடிக்கை பார்த்தா, அவ்வளவுதான்."



நடந்தது வேறு. அக்காவுக்கு ஒன்பது வயது, இவளுக்கு ஆறு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் புரியாமல் பேசிக்கொள்ள இருவரும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த மொழியைக் கட்டினார்கள். இவளுக்கு அப்போது மேல்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. 'ஸ' என்றால் காற்றும் கூடவே வந்து விசிலடிக்கும். அக்கா ஏற்கெனவே சாக்கடைக்கு 'ஸாலு' என்று பெயர் வைத்திருந்தாள். இவள் கடலுக்கு ஒரு பெயர் சொன்னாள். அதுவும் ஸாலுதான், ஆனால் விசிலோடு. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, விசில் 'ஸ' தனி, வெறும் 'ஸ' தனி என்று முடிவு செய்தார்கள். அப்படி இருபது முப்பது ஜோடிச் சொற்கள் சேர்ந்தன. பல் முளைத்த பிறகும் இவள் நாக்கை மடித்து அந்த விசிலை விடாமல் காப்பாற்றினாள். அக்காவுக்கு அது கடைசிவரை சரியாக வரவில்லை. பின்னால் நாவல் எழுதும்போது இரண்டையும் ஒரே 'ஸ' ஆக்கிவிட்டாள். படிக்கிறவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

பேட்டியைப் படித்ததும் எழுத்துக்காரி அக்காவுக்கு மூன்று கடிதம் போட்டாள். பதில் வக்கீலிடமிருந்து வந்தது. அதன்பின் அக்கா தங்கை என்ற பேச்சே இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை முதலாளியம்மா துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார். "தீவு நாவலைத் தொடரா எடுக்கிறாங்களாம். அந்த மொழிக்கு எழுத்து வேணுமாம். கல்வெட்டு, கொடி, ராணியோட கடிதம், எல்லாத்துலயும் வரணும். நம்மகிட்டதான் கொடுத்திருக்காங்க. நீதான் செய்யணும்."

"செய்றேன். ஆனா என் பேரு எங்கேயும் வர வேண்டாம்."

"ஏன்?"

"வேலை முடியட்டும், சொல்றேன்."

நாவலாசிரியை கேட்டது ஒன்றுதான்: எழுத்து படரும் செடிக்கொடி மாதிரி வளைந்து அழகாக இருக்க வேண்டும். எப்படிப்பட்ட எழுத்து என்பதை அலுவலகமே தீர்மானிக்கலாம்.

எழுத்துக்காரி இரண்டு வாரம் அதையே யோசித்தாள். பொருளுக்கு ஒரு படம் என்று வைத்தால் கடலுக்கு அலையை வரைந்துவிட்டு அக்கா தப்பித்துவிடுவாள். அசைக்கு ஒரு குறி வைத்து, நாவலில் இருப்பதுபோல 'ஸா'வுக்கு ஒரே குறி கொடுத்தால் திருட்டுக்குத் தானே திரை போட்டதாகும். ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து, ஒன்றுகூட விடாமல். அப்படி வைத்தால்தான் மொழி தெரிந்தவள் எழுதுவாள், தெரியாதவள் திணறுவாள். 'ல'வும் 'ள'வும் 'ழ'வும் குழம்புகிறவர்களைப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்!

வெறும் 'ஸ'வுக்கு ஒரு சுழி போட்டாள். விசில் 'ஸ'வுக்கு அதே சுழியை நடுவில் பிளந்தாள். கூடவே நானூறு சொற்களை எழுத்துக்கூட்டி ஒரு கையேடும் தயாரித்தாள்.

ஒப்புதல் வாங்கும் நாளில் முதலாளியம்மா தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார். எழுத்துக்காரி எதிர் நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான்கு வருடத்துக்குப் பிறகு அக்காவின் குரல்.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா 'ஸ' எதுக்கு ரெண்டு?"

முதலாளியம்மா இவள் முகத்தைப் பார்த்தார். இவள் ஒரு துண்டுத் தாளில் எழுதி நகர்த்தினாள். முதலாளியம்மா அதை அப்படியே படித்தார். "மொழியிலேயே ரெண்டு சத்தம் இருக்குன்னு எங்க ஆளு சொல்றாங்க. உங்களுக்குத் தெரியாததா மேடம்?"

 அப்படி இரண்டு இல்லை என்று அக்கா சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"ஆமா ஆமா, ரெண்டு உண்டு. நானே சொல்லணும்னு இருந்தேன். நல்லா கவனிச்சிருக்காங்க."

கையேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 'பார்த்தேன், சரி' என்று அக்கா கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். ஒரு பக்கத்தையாவது படித்திருப்பாளா என்பது சந்தேகமே. அடுத்த பேட்டியில், அந்த இரண்டு எழுத்துதான் தன் மொழியின் உயிர்நாடி என்று வேறு சொல்லிவைத்தாள். எழுத்துக்காரி அதையும் வெட்டி இழுப்பறையில் போட்டாள்.

அந்தக் கையெழுத்துகளோடேயே கையேடு அச்சாகி வெளிவந்து ஒரு மாதம் கழித்துப் பெரிய புத்தகக் கடை ஒன்றின் மேல்மாடியில் அறிமுக விழா. முந்நூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேர் எழுத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்கள். எழுத்துக்காரி ஆறாவது வரிசையில் ஒரு உயரமான ஆளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

ராணியின் சபதத்தை எழுதிக் காட்டுங்கள் என்று கூட்டம் கேட்டது. 'கடலில் பிறந்தவள் நான்' என்று தொடங்கும் சபதம் அது. அக்கா சிரித்துக்கொண்டே வெள்ளைப் பலகையில் எழுதினாள். சுழி முழுசாக விழுந்தது.

முன்வரிசையில் கண்ணாடி போட்ட தபால் குமாஸ்தா ஒருவர் மரியாதையாகக் கை தூக்கினார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க எழுதினது 'சாக்கடையில பிறந்தவள் நான்'னு வருதே?"

அரங்கம் வெடித்துச் சிரித்தது.

அக்காவின் முகம் சிவந்தது. "கையேட்டுல அச்சுப் பிழை இருக்கும்."

"பக்கத்துக்குப் பக்கம் உங்க கையெழுத்து இருக்கே மேடம். சரி, ரெண்டையும் சொல்லிக் காட்டுங்க, கேட்டுக்கறோம்."

அக்கா சொன்னாள். இரண்டு தடவையும் ஒரே சாக்கடைதான் வந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

"எழுத்து செஞ்சவங்க குளறுபடி பண்ணிட்டாங்க" என்றாள் அக்கா.

முன்வரிசை ஓரத்தில் இருந்த முதலாளியம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து நின்று பின்னால் திரும்பினார். "செஞ்சவங்க இங்கேயேதான் இருக்காங்க. அவங்களையே கேக்கலாமே."

எழுத்துக்காரி எழுந்து மேடைக்குப் போனாள்.  நான்கு வருடமாக மனதுக்குள் நடந்து பழகிய வழிதான்.

அக்கா ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, "நீயா?" என்றாள்.

அந்தக் கையை எழுத்துக்காரி மெல்ல எடுத்துவிட்டாள். "நான்தான்க்கா. வேடிக்கை பார்த்தவ." பிறகு கூட்டத்தைப் பார்த்து இரண்டு ஸாலுவையும் சொன்னாள். இரண்டாவதில் காற்று கீச்சென்று பிரிந்து போனது. "ரெண்டாவது கடல். அது எனக்குப் பல் விழுந்தப்ப வந்த சத்தம். இவங்க என் அக்கா. அந்த மொழியில பாதி என்னோடது."

தபால் குமாஸ்தாதான் முதலில் கை தட்டினார். அக்கா பின்வழியாகப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி எழுத்துக்காரி மூன்று தட்டு சோறு சாப்பிட்டாள். மறுநாள் முதலாளியம்மா அவளை உட்காரவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "உங்க வீட்டுச் சண்டைக்கு என் அலுவலகம்தானா கிடைச்சுது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"  தலை குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

அக்காவிடம் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் அக்காவே கூப்பிட்டாள்.

"அத்தனை பேர் முன்னாடி அவமானப்படுத்திட்டியே. வீட்டுக்கு வந்து கேட்டிருந்தா உன் பேரையும் போட்டிருப்பேனே."

"மூணு கடிதம் போட்டேன்க்கா. வக்கீல் நல்லாயிருக்காரா?"

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டாள். ஆனால் விஷயம் ஊர் வாயில் விழுந்துவிட்டதால், தொடர்க்காரர்கள் பெயர்ப் பட்டியலில் இரண்டு பேரையும் போட்டார்கள். நடிகர்களுக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுக்க எழுத்துக்காரியை அமர்த்தினார்கள். இனிமேல் விழா மேடையில் அந்த மொழி பேசுகிற எல்லாரும் அந்த வகுப்புக்கு வர வேண்டும் என்று உத்தரவு.

முதல் வகுப்பில் பன்னிரண்டு நாற்காலி. கடைசியில் அக்கா உட்கார்ந்திருந்தாள், மடியில் கையேட்டோடு. எழுத்துக்காரி வரிசையாக எல்லாரையும் 'ஸாலு' சொல்லவைத்தாள். ராணி வேடம் போட்டவளுக்கு இரண்டாவது முயற்சியிலேயே வந்துவிட்டது. கடைசியாக அக்கா.

முதல் தடவை சாக்கடை. இரண்டாவதும். நடிகர்கள் தரையைப் பார்த்தார்கள். "நாக்கை மடிங்க" என்றாள் எழுத்துக்காரி, முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவதுபோல. ஏழாவதில் கொஞ்சம் காற்று வந்தது. அக்காவின் நெற்றியில் வேர்வை. பத்தாவதில் விசில் சுத்தமாக, குறையே இல்லாமல் வந்தது. அக்கா நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை" என்றாள் எழுத்துக்காரி.