ஆயிரம் நாளுக்கு இரண்டு குறைவு

2024 பிப்ரவரி 25, ஆற்றுக்கால் பொங்காலை நாள், காலை பதினொன்றே காலுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் பதினேழாம் எண் கூட்டுடைமை ஓட்டலின் தோசைக்கல் அடுப்பு அணைக்கப்பட்டது. பெரிய வாளியில் பாதி மாவு மிச்சம் இருந்தது.

அணைத்தவர் தோசை மாஸ்டர் திரவியம். அன்றைய பட்டியலில் அறுநூறு தோசை என்று எழுதியிருந்தது. அறுநூறு சுட்டார், அணைத்தார், கை கழுவினார். வாசலில் வரிசையாக நின்ற வேன் டிரைவர்களும், பொங்காலையிட வந்த பெண்களின் புருஷன்மாரும் ரோட்டைக் கடந்து இருபத்தொன்றாம் எண் ஓட்டலுக்குப் போனார்கள். கூடவே போன தெரு வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் பிறகு திரும்பவே இல்லை.

வேறு யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். திரவியம் ஆரல்வாய்மொழிக்காரர். எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் எல்லாம் ஆறு குடும்பங்களின் கம்பெனிகள். அந்த ஆறும் ஒன்றாக உட்கார்ந்து, எந்த ஊரில் எத்தனை செருப்பு, எத்தனை தோசை, யார் எங்கே வேலை என்று வருடத் திட்டம் போடும். லாபம் அவர்களுக்கு. போட்டி வீண்செலவு என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். இந்தப் பக்கம் எழுபது வருடமாக முதலாளி கிடையாது. கடை அதில் வேலை செய்கிறவர்களுக்கே சொந்தம். ஆனால் கடைக்குக் கடை வெட்டுக்குத்து. வாடிக்கை போனால் மூட வேண்டியதுதான்.

வெளியாள் ஆயிரம் நாள் தொடர்ந்து வேலை செய்தால், யார் சம்மதமும் இல்லாமல் பங்காளி ஆகலாம். அதற்குள் உறுப்பினர்கள் கூடி வேண்டாம் என்றால், தங்கும் சீட்டு ரத்தாகும். எல்லை தாண்ட வேண்டும். திரவியத்தின் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் நாள், மார்ச் 11, மதியச் சாப்பாட்டுக்கூட்டம் ஓய்ந்ததும் எட்டு உறுப்பினர்களும் கூடினார்கள். அவரைச் சுவரோரம் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு கிளாஸ் சாயா வந்தது. அவருக்கு வரவில்லை.

"லிஸ்டுல எழுதுறது ஒரு ஏகதேசக் கணக்கு அல்லே, திரவியம் அண்ணா?" என்றாள் செயலாளர் ராஜஸ்ரீ. "கடை முன்னால ஆளு நிக்குது. அது கண்ணுல படலியா?"

"பட்டுது. அங்க அறுநூத்தி ஒண்ணு சுட்டா ஆறு மாசம் அடுப்புப் பக்கம் விடமாட்டானுவ. கை தன்னால நின்னுட்டு."

"ரெண்டே முக்கால் வருஷம் ஆச்சு, கை இன்னும் இங்க வந்து சேரல," என்றான் பரிமாறுகிற சஜின். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஏன் ஓய், தீபாவளிக்கு ஒரு நாளைக்கு எத்தனை வெடி வெடிக்கணும்னும் அங்க எழுதித் தருவாளோ?" என்றார் சாம்பார் வைக்கும் சாம்பசிவன். அக்கிரகாரத்துக் குரல், எந்த இடத்திலும் தனியாகக் கேட்கும்.

திரவியத்துக்கு முகம் சுட்டது. பாத்திரம் கழுவும் மாடம்மாளைப் பார்த்தார். அவளும் எல்லை தாண்டி வந்தவள்தான், சங்கரன்கோவில் பக்கம். பன்னிரண்டு வருடம் முன்னால் இதே ஸ்டூலில் உட்கார்ந்தவள்.

"அக்கா, நீங்க வாளிப் பக்கத்துலதான நின்னீங்க. மாவு இருக்கு, சுடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"எதுக்குச் சொல்லணும்?" மாடம்மாள் நிமிர்ந்தே பார்த்தாள். "நீ அணைக்கும்போதே தெரியும், ஒன்னய அனுப்ப இது போதும்னு. எட்டுல ஒண்ணு எம் பங்கு. நீ வந்தா ஒம்பதுல ஒண்ணு. எம் மவ நர்சிங் படிக்கா. மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது."

"அப்போ அன்னைக்குப் போன வாடிக்கை?"

"அது திரும்பப் புடிச்சுக்கிடலாம். பங்காளிய வெளிய தள்ள முடியாது."

யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. ராஜஸ்ரீ நோட்டைப் புரட்டினாள். அது மாடம்மாள் சொன்னதைவிட மோசமாகப் பட்டது திரவியத்துக்கு.

"அங்க ஆறு மொதலாளி," என்றார் அவர். "இந்த ஒரு ஓட்டலுக்கே எட்டு."

"காலம்பற நாலு மணிக்கு எழுந்து கக்கூஸ் கழுவற முதலாளி, ஓய்," என்றார் சாம்பசிவன். "நாக்கை அடக்கும்."

"மதி, போதும்," என்றாள் ராஜஸ்ரீ. "கிளாஸை வையுங்க."

அந்த ஓட்டலில் ஓட்டுப் போடுவது அப்படித்தான். குடித்த கிளாஸை நிமிர்த்தி வைத்தால் சம்மதம், கவிழ்த்தால் வேண்டாம். சஜின் முதலில் கவிழ்த்தான், சத்தம் வர. அடுத்து இரண்டு கவிழ்ந்தன. ராஜஸ்ரீ, யோசித்து, நிமிர்த்தி வைத்தாள். சமையலறை ஆட்கள் இருவர் நிமிர்த்தினார்கள். சாம்பசிவன் திரவியத்தின் முகத்தைப் பார்க்காமல் கிளாஸை நிமிர்த்தி வைத்து, "திமிர் பிடிச்சவன், ஆனா தோசை தோசையா இருக்கு," என்றார்.

நாலு நிமிர்ந்து, மூன்று கவிழ்ந்து. மாடம்மாளின் கிளாஸில் இன்னும் சாயா இருந்தது. சரிசமமாக வந்தால் வெளியாள் வெளியாள்தான் என்று விதி. அது எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா," என்றார் திரவியம். "அந்தப் பக்கம் திரும்பிப் போறது என்னன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் எம் பங்க விட மாட்டேன்," என்றாள் மாடம்மாள். மிச்சத்தைக் குடித்தாள். கிளாஸைக் கவிழ்த்தாள்.

ராஜஸ்ரீ தங்கும் சீட்டை வாங்கிக் குறுக்கே கோடு போட்டாள். மாலை நாலரை பஸ்ஸில் திரவியம் களியக்காவிளை போனார். மறுநாள் செவ்வாய்க்கிழமை அங்கே திட்ட அலுவலக ஜன்னலில் கைரேகை எடுத்து, ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள்: அரியலூர், சிமெண்ட் மூட்டை ஏற்றும் பிரிவு, நாளொன்றுக்கு முந்நூற்றைம்பது மூட்டை. வியாழக்கிழமை காலை ஷிப்டில் அவர் வேலைக்குச் சேர்ந்தார்.