ஞாயிற்றுக்கிழமைப் பச்சை

அன்றைக்கு நான் சிரித்திருக்க வேண்டாம். எல்லாரும் சிரித்தார்கள், சரி. நான் ஏன் சிரித்தேன்?

கணவனின் வாயோரம் வழியும் கஞ்சியைத் துடைக்கும்போதெல்லாம் அவளுக்கு இந்த நினைப்பு வந்துவிடுகிறது. பக்கவாதத்தில் அவனுக்கு வலது பக்கம் விழுந்து மூன்று மாதமாகிறது. இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டிய கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி தலையணைமேல் கிடக்கிறது.

அவளுக்கு மருத்துவமனையில் வேலை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில், ஒருவர் எழுந்து போனதும் நாற்காலியைத் துடைத்து அடுத்தவருக்கு விரிப்பு மாற்றுவாள். "பிரஷரை அப்பவே கவனிச்சிருந்தா இங்க வந்திருக்க மாட்டேம்மா" என்று நாற்காலிக்கு நாற்காலி கேட்டுக் கேட்டு, ஒரு நாள் தானே பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி வந்தாள். ஞாயிறு காலை எட்டு மணிக்குக் குடியிருப்பின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொள்வாள். நான்கு மாடி, பதினாறு வீடு. ஒவ்வொருவராகக் கை நீட்டுவார்கள். சுவரில் பெரிய அட்டை. அளவு சரியாக இருந்தால் பெயருக்கு நேரே பச்சைப் பொட்டு, ஏறியிருந்தால் சிவப்பு. நாலு பேர் பார்க்க ஒட்டினால்தான் உறைக்கும் என்று நினைத்தாள். உறைக்கத்தான் செய்தது.

முதல் ஞாயிறே அவள் கணவனுக்குச் சிவப்பு. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர்தான் ஆரம்பித்தார்.

"வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்குன்னு சும்மாவா சொன்னாங்க? பிபி பாக்கற தங்கச்சி வீட்லயே சிவப்பு! யோவ் டிரைவரே, சிவப்பு விழுந்தா வண்டிய நிறுத்தணும், தெரியுமில்ல?"

படிக்கட்டே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவனும் சிரித்தபடியே சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

மறுநாளே மருத்துவரிடம் போனார்கள். உடம்பில் தேங்கும் நீரை இறக்கும் மாத்திரை, தினம் ஒன்று. வேலை நாட்களில் அவளே சாப்பாட்டு டப்பாவோடு பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்புவாள். சனி, ஞாயிறு அவனுக்கு விடுமுறை, கண்ணெதிரே போட்டுக்கொள்வான். அதற்கப்புறம் அவன் வரிசையில் பச்சைதான். ஒரு வருடத்துக்கு ஒரு வாரம்கூடத் தவறவில்லை. "எங்க வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்துக்குங்க" என்று சிவப்பு வாங்கியவர்களிடம் அவள் சொல்லியிருக்கிறாள். அப்போது தன் குரலில் இருந்த இனிப்பை நினைத்தால் இப்போது கசக்கிறது.

அவன் பணிமனையில் விழுந்த வாரம், கூட ஓட்டும் டிரைவர் அவனுடைய அலமாரிச் சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தார். சீருடை, சீப்பு, ஒரு பழைய பிஸ்கட் டப்பா. டப்பா நிறைய அவள் கட்டிக் கொடுத்த பொட்டலங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. சனி, ஞாயிறு அவள் கண்ணெதிரே போட்டது மட்டும்தான் பச்சையாகியிருந்தது.

"அதைப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருதுன்னாருங்க. எங்க ரூட்ல ரெண்டரை மணி நேரம் சீட்ட விட்டு எழுந்திரிக்க முடியாது. வீட்ல சொல்லி வேற மாத்திரை வாங்கக் கூடாதான்னு கேட்டேன். மாத்தினா ஒண்ணு ரெண்டு வாரம் பிரஷர் ஏறும், அத்தனை பேர் முன்னாடி அவளுக்குத் தலைகுனிவு, வேணாம்னுட்டாரு."

வேறு மாத்திரை. அவ்வளவுதான். ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அந்த வார்த்தையைத் தன்னிடம் சொல்ல முடியாதபடி செய்தது யார் என்று கேட்டால், அவளுக்குத் தன் சிரிப்புதான் காதில் விழுகிறது.

செவ்வாய் மாலை செயலாளர் வந்தார். பின்னால் எதிர்வீட்டு அக்கா, சுருட்டிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு.

"தங்கச்சி, நல்ல சேதி. பிரஷரைக் கட்டுல வச்சிருக்கிற குடியிருப்புன்னு சுகாதார அலுவலகத்துல நம்ம கட்டடத்துக்குத்தான் முதல் பரிசு. மொட்டை மாடியில உடற்பயிற்சிக் கருவியெல்லாம் போட்டுத் தராங்களாம். எல்லாம் உன் புண்ணியம். இந்த அட்டையில இருக்கிறதெல்லாம் நிஜம்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது." காகிதத்தையும் பேனாவையும் கட்டிலோரம் வைத்தார். குரலைத் தாழ்த்தினார். "அவரோட வரியை மட்டும் வெட்டிடலாம்னு பார்க்கறோம். தப்பா நினைக்காத. இப்படி ஆனப்புறம் யாராவது வந்து கேள்வி கேட்டா..."

"அவர் வரியிலதான் பச்சை அதிகம்ண்ணே."

"அதுக்குத்தாம்மா."

எதிர்வீட்டு அக்கா அவள் தோளைத் தொட்டாள். "மனசைத் தேத்திக்கோ கண்ணு. நீ இல்லைன்னா இந்தக் கட்டடத்துல ஒருத்தராவது ஒழுங்கா மாத்திரை போட்டிருப்போமா?"

"இன்னைக்குப் போட்டீங்களாக்கா?"

"இன்னைக்குச் செவ்வாய்தானே."

சொன்ன பிறகுதான் அக்காவுக்கே உறைத்தது. செயலாளர் தொண்டையைச் செருமினார். "எல்லாரும் அப்படித்தான், விடு. வெள்ளிக்கிழமையிலேர்ந்து உப்பைக் குறைச்சு, மாத்திரையப் போட்டு... நீ இவ்வளவு பாடுபடற, உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்."

எல்லாருக்கும் அவள்மேல் எவ்வளவு அன்பு! அந்த அன்பில் ஒருவன் கட்டிலில் கிடக்கிறான். மீதிப் பேர் இன்னும் படியேறிக்கொண்டிருக்கிறார்கள்.

கணவன் கண்ணைத் திறந்து அவர்களைப் பார்த்தான். இடது கையைப் பேனா இருந்த பக்கம் மெதுவாக நகர்த்தினான். போடேன் என்கிறான். இப்போதும் அவள் தலை குனியக் கூடாது அவனுக்கு.

அவள் அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தாள். பேனாவை மூடி, காகிதத்தின்மேல் வைத்து, செயலாளரிடம் நீட்டினாள்.

"வேணாம்ண்ணே."

"தங்கச்சி, யோசிச்சு..."

"கஞ்சி ஆறுது" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.