பென்சிலில் எழுதிய பெயர்

காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பூங்கோதை தட்டச்சை நிறுத்திவிட்டு முத்தம்மாவைப் பார்த்தாள். முத்தம்மாவின் மகனுடைய சாதிச் சான்றிதழ் வீணாகிவிட்டது, நகல் வேண்டும்.

“எப்படிப் போச்சினு கேக்குதுக்கா.”

“தொலைஞ்சிடுச்சினு போடு.”

“தொலைஞ்சிதா?”

“இல்லம்மா, எலி கட்ச்சி தூள் பண்ணிடுச்சி. அதப் போயி இன்னானு எழுதுவ?”

“எலி கட்ச்சிடுச்சினுதான் எழுதணும். நடந்ததத்தானே கேக்குறாங்க.”

மலைமேல், ஜமுனாமரத்தூர் சந்தையை ஒட்டிய அந்த ஜெராக்ஸ் கடையில், கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் அரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது, “வாங்க மேடம், இன்னா இவ்ளோ தூரம்? உக்காருங்க, இந்த அக்காவுக்கு முடிச்சிட்டு வர்றேன்” என்றாள் பூங்கோதை. அவ்வளவுதான். நான் உள்ளே நுழைந்தால் மாணவர்கள் எழுந்து நிற்பதற்கே பழகிப்போன உடம்பு இது. காத்திருப்பது முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, இதே பெண்ணை என் அறை வாசலில் எத்தனை மணி நேரம் நிறுத்தியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். எரிச்சல் வந்த வழியே போய்விட்டது.

நான் சரிதா. மலைக்குக் கீழே ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். அங்கே சமவாய்ப்பு மையத்தின் ஒருங்கிணைப்பாளரும் நானே. மலைவாழ் பிள்ளைகள், முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்கள் யாரும் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது அந்த மையத்தின் வேலை. பூங்கோதையின் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டியும் நான்தான். அவள் துறைக்கு வருவதை நிறுத்திப் பதினோரு மாதம் ஆகிறது. நாளை மாலை ஐந்து மணிக்குள் கால நீட்டிப்புப் படிவம் போய்ச் சேராவிட்டால் அவளுடைய பதிவு ரத்தாகும், நான்கு வருடம் தண்ணீரில் போகும். போன் செய்தும் எடுக்கவில்லை. அதனால்தான் கிளம்பி வந்தேன்.

அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கடுக்காய். மலையில் உயரம் ஏற ஏற அதன் துவர்ப்புச் சத்து எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. தோல் பதனிடும் வாணியம்பாடிப் பட்டறைகளுக்கு இந்த மலையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கடுக்காய் போயிருக்கிறது, ஆனால் எங்கள் துறையில் அந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். தை மாசியில் காய் பொறுக்கி, சாறு இறக்கி, இரண்டு நாளைக்குள் சத்தை அளக்கும் கருவியில் ஓட்டிவிட வேண்டும். தப்பினால் சாறு கெட்டுவிடும், அடுத்த தைக்குத்தான் பேச்சு.

கருவி ஒன்றே ஒன்றுதான். அதற்கு ஒரு பதிவேடு உண்டு, அதுவும் என் பொறுப்பு. நாள் கேட்கிறவர்கள் பெயரைப் பென்சிலில் எழுத வேண்டும், ஓட்டி முடித்த பிறகு அதன் மேலேயே பேனாவால் எழுத வேண்டும் என்பது எங்கள் துறை வழக்கம். துறைத்தலைவர் சிவசங்கர் சாரின் மாணவனுக்குத் திடீரென்று நாள் வேண்டியிருக்கும். ஆய்வுத் திட்டப் பணத்துக்குக் கெடு நெருங்கியவர்கள் வந்து நிற்பார்கள். யாரையாவது நகர்த்தித்தான் ஆக வேண்டும். நம்ம பொண்ணுதானே, பொறுத்துக்கொள்வாள் என்று அவள் பெயரை அழிப்பேன். ஒவ்வொரு முறையும் மனசார அப்படித்தான் நினைத்தேன். “சரி மேடம்” என்பாள். மூன்று பருவம் அப்படியே போயிற்று.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் போனதிலிருந்து காலையில் கருவி அறைக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. பூங்கோதை அழுத்தி எழுதுகிறவள். ரப்பர், பென்சில் கரியைத்தான் எடுக்கிறது, பள்ளத்தை எடுப்பதில்லை. கிழக்கு ஜன்னல் வெயில் சாய்வாகப் பதிவேட்டில் விழும்போது, மற்றவர்களின் பேனா எழுத்துக்குக் கீழேயிருந்து அவள் பெயர் மேலே வரும். ஒருநாள் எண்ணினேன். இருபத்து மூன்று இடம். அதோடு ஜன்னலை மூடச் சொல்லிவிட்டேன். இப்போது விரல் பட்டாலும் அந்தப் பள்ளம் தெரிகிறது.

வெளியே நடைவழியில் அவள் படம் வேறு மாட்டியிருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குத் தரமதிப்பீடு செய்யும் குழு வந்த சமயம் நான்தான் என்னுடைய வெள்ளைக் கோட்டைப் போட்டுவிட்டு அவளைக் கருவிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன். கீழே ‘அனைவருக்கும் அறிவியல்’ என்று எழுதியிருக்கும். அவள் அந்தக் கருவியைத் தொட்டது அன்றைக்கு மட்டும்தான். என் அறைக்குப் போக வேறு வழியும் இல்லை, தினமும் அந்தக் கண்களைத் தாண்டித்தான் போகிறேன்.

முத்தம்மா போனதும் பூங்கோதை என் பக்கம் திரும்பினாள். படிவத்தை நீட்டினேன். எல்லாம் நிரப்பி, என் கையெழுத்தும் போட்டுத்தான் கொண்டுவந்திருந்தேன். அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அவள் மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றாள். ‘குடும்பச் சூழ்நிலை மற்றும் மலைக்கிராமத்திலிருந்து வந்து செல்லும் சிரமம் காரணமாக’ என்று தாமதத்துக்குக் காரணம் எழுதியிருந்தேன்.

“எங்க வூட்ல இன்னா நடந்துச்சி மேடம்?”

“வழக்கமா எழுதறதும்மா. இப்படிப் போட்டாத்தான் சிவசங்கர் சார் கேள்வி கேக்காம கையெழுத்துப் போடுவாரு.”

“எங்கப்பா கடுக்கா மூட்டைய தோள்ல தூக்கினு வந்து மொத பஸ்ல ஏத்தி வுட்டாரு. மூணு வருஷமும் வுட்டாரு. இத அவருக்குப் படிச்சிக் காட்டினா, நாங்க இன்னாம்மா தடுத்தோம்னு கேப்பாரு.”

எனக்கு முகம் சுட்டது. “உம்மேல எனக்கு எவ்ளோ அக்கறைன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும் மேடம்.” கோபமே இல்லாமல் சொன்னாள். “மத்தவங்க பேர அழிச்சா சண்டைக்கு வருவாங்க. நான் வரமாட்டேன்னு உங்களுக்கும் தெரியும்.”

வெளியே கடைசி பஸ்ஸுக்கு ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். கடையைச் சுற்றிப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால், காகிதக் கட்டுகளுக்கு நடுவே நான்கு கண்ணாடி ஜாடிகள் இருந்தன. உள்ளே கடுக்காய். ஒவ்வொன்றிலும் உயரம், இடம், தேதி என்று அவளுடைய அழுத்தமான எழுத்து. இந்த வருடத்து மாசித் தேதிகள். ஓட்டுவதற்குக் கருவி இல்லை, கேட்பதற்கு ஆளில்லை, ஆனாலும் ஏறிப் போய்ப் பொறுக்கியிருக்கிறாள்.

நான் ஜாடிகளைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். கணினியில் எதையோ தேடி அழுத்தினாள். எங்கள் பல்கலைக்கழகத்தின் படிவம் புதிதாக அச்சாகி வெளியே வந்தது. அதில் தன் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டு என் முன்னால் வைத்தாள். காரணம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“நடந்தத எழுதினா சார் கையெழுத்துப் போடமாட்டாரும்மா. நாளைக்குத்தான் கடைசி நாள்.”

“போடமாட்டாருதான்.” மவுஸைத் தள்ளி வைத்தாள். “எனக்கும் வரணும்னுதான் இருக்குது மேடம். ஆனா எங்க வூட்டு மேல பழியப் போட்டு வர மாட்டேன். இத நீங்கதான் எழுதணும்.”

கைப்பையைத் துழாவினேன். கையில் வந்தது கருவி அறைப் பென்சில், நுனியில் ரப்பர் தேய்ந்து தகரம் மட்டும் மிஞ்சியது. எப்போது பைக்குள் போட்டேனோ தெரியவில்லை. அவள் அதை அடையாளம் கண்டுகொண்டாள். யாரும் எடுத்துப் போய்விடாமல் நூலில் கட்டி மேசையோடு பிணைத்திருந்த கடைப் பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். நூல் குட்டை. எழுத வேண்டுமென்றால் நான் எழுந்து, மேசையைச் சுற்றி அவள் பக்கம் போய்க் குனிய வேண்டும்.

கண்டக்டர் விசில் ஊதினார். நான் எழுந்து போய்க் குனிந்தேன். பூங்கோதை தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு இடம் விட்டாள். கடை வாசல் வழியாகச் சாய்ந்து வந்த வெயில் காலிக் கட்டத்தின் மேல் விழுந்திருந்தது. ‘கருவிப் பதிவேட்டில் இவர் பெயரை’ என்று எழுதினேன். பேனா வழுக்கியது. அடுத்த சொல்லுக்கு இன்னும் அழுத்திப் பிடித்தேன்.