சர்க்கரைக்கு வாசனை கிடையாது

டிராக்டர் வயலுக்குள் இறங்கும் இடத்தில், சக்கரத்துக்கு நேர் எதிரே, நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். வாடகைக்கு வண்டி பிடித்து வந்திருந்தது என் கொழுந்தன்.

அந்த நிலத்தில் வெடியை மிதித்துத்தான் என் கணவர் போனார். போர் முடிந்து, கண்ணிவெடி எடுப்பவர்கள் வந்து தேடி, ஓரமெல்லாம் வெள்ளைக் கல் நட்டு, இனிப் பயமில்லை என்று சொல்லிப் போன பிறகு. ஒன்றை விட்டுவிட்டோம் என்றார்கள். ஒன்றுதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். தேனீக்களை வைத்து வெடி தேடும் குழு ஒன்று வந்ததும் நான் அதில் வேலைக்குச் சேர்ந்தேன். இந்த நிலத்தை மறுபடி தேடச் சொல்லி நச்சரித்ததும் நான்தான்.

வேலை எளிது. கூடாரத்துக்குள் வெடிமருந்தின் வாடை, பக்கத்தில் சர்க்கரைத் தண்ணீர். தேனீக்கு மூக்கு அதன் கொம்புகளில் இருக்கிறது. நூல் போன்ற இரண்டு உணர்கொம்புகள், அவற்றில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அந்த வாடை இருந்தால் இனிப்பும் இருக்கும் என்று சில நாளில் பழகிவிடும். பிறகு நிலத்தில் விட்டால், வெடி புதைந்த இடத்துக்கு மேலே இனிப்பைத் தேடிச் சுற்றும். வெடியைக் கிளப்பும் எடை அதற்கு இல்லை. நமக்குத்தான் இருக்கிறது.

அன்று காலை அவை கீழ் மூலையில் சுற்றின. குழுத் தலைவி அங்கே சிவப்புக் கொடி நடச் சொன்னாள். கொடியைப் பார்த்ததும் கொழுந்தன் வண்டியிலிருந்து குதித்து வந்தான்.

"எந்திரிங்க அண்ணி. மண்ணுல ஈரம் இருக்கு. இப்ப உழலேன்னா இந்த வருஷமும் போச்சு."

"உங்க அண்ணனும் இதையேதான் தம்பி சொன்னாரு."

அவன் கெட்டவன் இல்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்ற கவலை அவனுக்கு. ஆனால் கோபத்தில், எல்லோர் முன்னாலும், வாயில் வரக்கூடாதது வந்துவிட்டது.

"எனக்குத் தெரியும். நிலம் என் கைக்கு வந்துடும்னு உங்களுக்கு வயித்தெரிச்சல். சக்கரைத் தண்ணிய நீங்களே ஊத்திட்டு வந்து, பூச்சி சொல்லுதுன்னு கதை விடறீங்க."

கூட வேலை செய்பவர்கள் தரையைப் பார்த்தார்கள். தலைவிகூட ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். அதுதான் சுட்டது. எழுந்துபோய்ப் புட்டியை எடுத்துவந்து, சர்க்கரைத் தண்ணீரை டிராக்டரின் மூக்கின் மேல் சளசளவென்று ஊற்றினேன்.

"இதோ சக்கரை. ஒரே ஒரு தேனீயக் கூப்பிடு, பாப்போம்."

காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. வண்டி ஓட்டுபவர், தன் வண்டிக்குச் சர்க்கரை வியாதி வந்தால் யார் வைத்தியம் பார்ப்பது என்று முணுமுணுத்தார். யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

சர்க்கரைக்கு வாசனை கிடையாது, தொட்டால்தான் தேனீக்கே தெரியும் என்றேன். பெட்டியிலிருந்து ஒன்றை இடுக்கியால் மெதுவாக எடுத்து, நனைத்த குச்சியை அதன் முன்னங்காலில் வைத்தேன். வாய் அங்கே இல்லை, வெறும் கால்தான். ஆனாலும் நாக்கு நீண்டு வெளியே வந்தது. கொழுந்தன் குனிந்து பார்த்தான்.

"நான் ஊத்தியிருந்தா உக்காந்து உறிஞ்சும். அங்க பாரு, ஒண்ணாவது உக்காந்திருக்கா?"

கொடிக்கு மேல் அவை சுற்றிக்கொண்டே இருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. வெடிமருந்து வாடையுள்ள டப்பா தன் வண்டியில் பூட்டிக் கிடக்கிறது, சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்று தலைவி தானாகவே சொன்னாள்.

"தோண்டிப் பாத்து ஒண்ணும் இல்லேன்னா?" என்றான் அவன்.

"அப்ப என்னைத் திட்டு. திட்டறதுக்கு நீ இருப்ப, வாங்கிக்க நானும் இருப்பேன்."

கொடி நட்ட இடத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கொழுந்தன் உச்சுக்கொட்டினான். நான் மறுபடி சக்கரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். தலைவி நிலத்தின் சரிவைப் பார்த்தபடி நின்றாள். மழைத் தண்ணீர் வாடையைக் கீழே இழுத்து வந்திருக்கும், மேட்டுப் பக்கம் போங்கள் என்றாள். ஆட்கள் மண்ணைத் தூரிகையால் தள்ளித் தள்ளி மேலே போனார்கள். ஓரிடத்தில் எல்லோருடைய கையும் நின்றது. மண் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடியின் விளிம்பு. இரும்பு அதிகம் இல்லாத வகை. முன்பு வந்தவர்களின் கருவிக்கு அது அகப்படவில்லை.

மதியம் எல்லோரையும் தூரமாக அனுப்பிவிட்டு அதை வெடிக்க வைத்தார்கள். திரும்பி வந்தபோது டிராக்டரின் மூக்கில் மண் படிந்திருந்தது, சர்க்கரை ஊற்றிய இடத்தில் மட்டும் கெட்டியாக. கொழுந்தன் அதை விரலால் சுரண்டிக்கொண்டே நெடுநேரம் நின்றான்.

"இப்ப உழலாமா அண்ணி?"

"மேல் பாதி பாக்கியிருக்கு. முதல்ல அதுங்க பறக்கட்டும்."

அவன் வண்டிக்காரரைப் போகச் சொன்னான். பிறகு தேனீப்பெட்டியின் மறுமுனையைத் தூக்க வந்தான், கொட்டிவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு.